உங்களுக்குத் தெரியுமா? புயல் பிறக்கும் கதை

கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் புயல் பிறக்க வழியுண்டு. மேற்பரப்பு மட்டும் சுட்டால் போதாது; ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை அந்தச் சூடு இறங்கியிருக்க வேண்டும்.

ஆவியான நீர் மேலே போய் மேகமாகும்போது, தன்னுள் வைத்திருந்த வெப்பத்தைக் காற்றில் விடுகிறது. சூடான காற்று இன்னும் மேலேறும். கீழே அழுத்தம் குறையும். சுற்றிலுமிருந்து ஈரக்காற்று அங்கே பாயும். இது தொடரும்வரை புயல் வலுக்கும். கரையேறியதும் ஈரம் கிடைக்காமல் தளர்ந்துவிடும்.

பாய்ந்து வரும் காற்றைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சி. நம் வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகவே சுற்றும். நிலநடுக்கோட்டை ஒட்டி அந்த விசை மிகக் குறைவு என்பதால் அங்கே புயல் அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே உருவான 'வாமெய்' அபூர்வமான விதிவிலக்கு.

ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடலில் பெரும்புயல் வருவது அபூர்வம். அப்போது கீழே மேற்குக் காற்று, உயரத்தில் கிழக்குக் காற்று. இரண்டும் சேர்ந்து, எழும் மேகத்தைச் சாய்த்துக் கலைத்துவிடும்.

காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 'புயல்' ஆகும், பெயரும் கிடைக்கும். 13 நாடுகள் தந்த பட்டியலில் இந்தியா கொடுத்த 'முரசு', 'நீர்' இரண்டும் தமிழ்ப் பெயர்கள்!

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகள் மொத்தம் 11. பத்தாம் எண் பேரபாயம். பதினொன்றுக்குப் பொருள், வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பது.

காற்றைவிட அதிக உயிர்களைக் குடிப்பது, புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலைப் பயணிகளோடு கவிழ்த்தது அந்த நீர்தான். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையில் 3 லட்சம் பேருக்கு மேல் மாண்டதற்கும் அதுவே முதற்காரணம்.

புயலின் நடுவே 'கண்' இருக்கிறது. அங்கே காற்று அடங்கும், மழை விடும், சில வேளை வானமும் தெரியும். ஆனால் அதைச் சூழ்ந்த மேகச்சுவரில்தான் காற்றின் உச்சவேகம். கண் கடந்ததும் மறுபக்கச் சுவர் வந்து மோதும். காற்று இப்போது எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரமும் கூரையும் சாய்வது பெரும்பாலும் அப்போதுதான். ஓய்ந்துவிட்டதே என்று வெளியே இறங்காதீர்கள். புயல் முழுதும் கடந்ததாக அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.