ஏழரை மணி வேனுக்கு முன்னால்

ஏழரை மணிக்கு வேன் வரும் வீட்டில் ஆறு மணிக்கு அடுப்பு பற்றியாக வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நம் வீடுகளில் எத்தனை சமையல் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலைக்கு இட்லியோ தோசையோ, அதற்கொரு சட்னி. மதிய டப்பாவுக்கு ஒரு சாதம், தொட்டுக்கொள்ள ஒரு பொரியல். பத்தரை மணி இடைவேளைக்கு ஸ்நாக்ஸ் டப்பா. ஆபீஸ் போகிறவருக்குக் குழம்பு தனி. வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால் அவருக்கு இரண்டு சப்பாத்தி. இதற்கு நடுவில்தான் ஒரு கால் ஷூ காணாமல் போகும், டைரியில் கையெழுத்து வேண்டும், கேஸ் தீரும்.

இதற்கெல்லாம் மருந்தாகச் சொல்லப்படுவது பத்து நிமிட ரெசிபி. வெங்காயம் நறுக்கி, தேங்காய் துருவி, புளி கரைத்து, நேற்றைய பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்த பிறகு ஓட ஆரம்பிக்கிற கடிகாரம் அது. நிஜ அடுக்களையில் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு முக்கால் மணி நேரம் இருக்கிறது. வீடியோவில் அதைக் காட்டுவதில்லை.

எனக்குத் தோன்றுவது வேறு. பள்ளி நாள் காலையில் ஆளை ஒடிப்பது எந்த ஒரு பதார்த்தமும் இல்லை, பதார்த்தங்களின் எண்ணிக்கைதான். டிபனுக்கு ஒன்று, லஞ்சுக்கு ஒன்று என்று ஒரே காலையில் இரண்டு முழுச் சமையல் செய்கிறோம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் அடக்க முடிந்தால் அடக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் ஒன்றை முந்தைய நாள் ராத்திரிக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ தள்ளிவிட வேண்டும்.

கொங்குப் பக்கத்தில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கோயம்புத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி வீடுகளில் 'அரிசிம்பருப்பு' என்றால் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி, பல் தேய்த்துக் காபி குடித்து முடிக்கும் வரை ஊறவிட்டால் போதும். குக்கரிலேயே எண்ணெய் காயவைத்து, கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, ஒரு தக்காளியைப் பிழிந்துவிட்டு, மஞ்சள்தூளும் நுணுக்கிய மிளகும் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் கொதித்ததும் அரிசி, பருப்பு, உப்பு. மூன்று விசில். திறந்ததும் ஒரு கரண்டி நெய். சில வீடுகளில் தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிப் போடுவார்கள். அது வாயில் அகப்படும்போது சுகம்தான், ஆனால் டப்பாவுக்குப் போகும் நாளில் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சாதத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. குக்கரிலிருந்து இறக்கும்போது குழைவாக, தளதளவென்று இருக்கும். மதியத்துக்குள் இறுகிவிடும், பிள்ளை ஸ்பூனால் குத்த வேண்டியிருக்கும். அதனால் டப்பாவில் போடுவதற்கு முன் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுத் தளர்த்தி, கொஞ்சம் தண்ணியாகத் தெரிகிற பதத்தில் அடைக்க வேண்டும். பன்னிரண்டரைக்குச் சரியாக இருக்கும்.

அதையே காலையிலும் தட்டில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. 'காலங்காத்தால சோறா?' என்று வீட்டில் ஒரு குரல் வரும். வெண்பொங்கலில் என்ன இருக்கிறது? அரிசியும் பருப்பும் மிளகும் சீரகமும் நெய்யும்தான். அதை ஓட்டலில் காசு கொடுத்துக் காலையில் சாப்பிடுகிறோம். நம் தாத்தா பாட்டி காலத்தில் எத்தனையோ கிராமத்து வீடுகளில் காலைச் சாப்பாடு பழையசோறு, இட்லி தீபாவளிப் பலகாரம். தினம் காலையில் மாவுப் பலகாரம் வேண்டும் என்பது மிகவும் பிந்தி வந்த வழக்கம். வாரத்தில் இரண்டு நாள் அதை ஒத்திவைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பெரிய அளவில் சமைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதன் பட்டியலைப் பாருங்கள்: உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். எந்தக் கிழமைக்கு எது என்பது முன்கூட்டியே எழுதிவைத்தது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். விடிகாலையில் வந்து சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள் 'இன்னிக்கு என்ன பண்ணலாம்' என்று அடுப்புக்கு முன்னால் நின்று யோசிப்பதில்லை. நம் வீட்டில் பாதி அலுப்பு அந்த யோசனையில்தான் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது தொடங்கி, பாலைக் காய்ச்சும்போதும் தொடர்கிற அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் ஒரு மாதத்துக்குத் தொல்லை இல்லை. செவ்வாய்க்கிழமை எலுமிச்சை சாதம் என்றால் எல்லாச் செவ்வாயும் எலுமிச்சை சாதம். தினம் புதுசாக வேண்டும் என்று தவிப்பது பெரும்பாலும் பெரியவர்கள். பிள்ளைகள் பிடித்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிற ஜாதி.

அந்த 50 கிராமையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் அடைத்துக் கொடுக்கும் டப்பாவில் அப்பா சாப்பிடும் அளவு இருக்கிறது. பள்ளியில் சாப்பாட்டு நேரம் கை கழுவும் வரிசையோடு சேர்த்து அரை மணியோ அதற்கும் குறைவோ. அதில் பேச்சும் விளையாட்டும் போக மிஞ்சுவது பத்து நிமிடம். அதற்குள் சிந்தாமல் அள்ளிச் சாப்பிடக்கூடியது மட்டுமே உள்ளே போகும். மூன்று அடுக்கு டப்பாவில் சாதம், குழம்பு, பொரியல் என்று பிரித்து வைப்பது பெரியவர்களின் ஆசை.

இனி கெடுகிற விஷயம். காலை ஏழு மணிக்கு அடைத்த சாதத்தைப் பிள்ளை சாப்பிட ஐந்தரை மணி நேரம் ஆகும். ஜூன் மாதத்து வெக்கையில் புத்தகப் பைக்குள் இருக்கும் சூடு கிருமிகளுக்கு மிக வசதியானது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அது கக்கும் ஒரு நச்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் போகாது. கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடினால் ஆவி உள்ளேயே வியர்த்து ஈரமாகும், சூடும் மெல்லத்தான் இறங்கும். அதனால் சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வைத்து ஆறவிட்டு அடைப்பது நல்லது. அல்லது நல்ல ஹாட்பாக்ஸில் கொதிக்கிற சூட்டோடு போட்டு, மதியம் வரை சூடு இறங்காமல் இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ரெண்டுங்கெட்டான் சூடுதான் ஆபத்து.

புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கட்டுச்சோறு ஆனதற்கு இதுதான் காரணம். புளிப்பு ஏறிய இடத்தில் கிருமி சுலபத்தில் பெருகாது. அதோடு நல்லெண்ணெய். ஊர்விட்டு ஊர் வண்டி கட்டிப் போனவர்கள் அனுபவத்தில் கண்டது. தேங்காய் சாதத்துக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் அந்தக் காப்பு இல்லை. தேங்காய் ஈரமும் கொழுப்பும் இனிப்பும் உள்ள பண்டம், வெயில் நாளில் மதியத்துக்குள் ஊசிவிடும். அரிசிம்பருப்பில் தேங்காய்ப் பல்லு வேண்டாம் என்றது இதனால்தான். மார்கழியில் தாராளமாகப் போடுங்கள்.

தயிர்சாதத்துக்கு வேறு கணக்கு. காலையில் தயிரை ஊற்றிப் பிசைந்து அனுப்பினால் மதியம் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். சோற்றைக் குழைய மசித்து, ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிரைச் சேர்த்துக் கலந்து அடைக்க வேண்டும். டப்பாவுக்குள்ளேயே பால் உறைந்து, பெல் அடிக்கும்போது பதமான தயிர்சாதமாக இருக்கும். உப்பு கொஞ்சம் குறைவாக. கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளித்து, துருவிய கேரட்டும் மாதுளை முத்தும் போட்டால் காய், பழம் இரண்டும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளக்கூடியவற்றில் முதலிடம் மாவுக்கு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மதியம் ஊறப்போட்டு, மாலையில் அரைத்து, ராத்திரி வெளியே வைத்துப் பொங்கியதும் ஃப்ரிட்ஜ். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். இதை நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் அரசு கிரைண்டரும் மிக்ஸியும் ஃபேனும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது சிரித்தவர்கள் உண்டு. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஆட்டியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். கிரைண்டரைக் கழுவ அலுப்பாக இருக்கும் வாரத்தில் தெருமுனைக் கடையில் மாவு வாங்கினால் அதில் குற்றவுணர்வு எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

டப்பாவுக்குத் தோசை வைத்தால் மதியம் செருப்புத் தோலாகிவிடும். இட்லியை நாலாக வெட்டி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் சூட்டிலேயே புரட்டி வைத்தால் மெத்தென்று இருக்கும். சட்னி தேவையில்லை.

இரண்டாவது, புளிக்காய்ச்சல். நூறு கிராம் பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, தாராளமான நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டு எண்ணெய் மேலே மிதக்கும் வரை சுண்டவிட வேண்டும். வறுத்துப் பொடித்த வெந்தயம், மல்லி, எள்ளு, ஒரு துண்டு வெல்லம் கடைசியில். ஈரம் படாத கரண்டி போட்டால் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் நிற்கும். அப்புறம் எந்தக் காலையிலும் சோறு மட்டும் வெந்தால் லஞ்ச் முடிந்தது. பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, எள்ளுப்பொடி இருக்கும் வீட்டில் அவசரம் பாதிதான்.

ராத்திரியில் செய்துவைக்கக்கூடியது எது, கூடாதது எது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சின்ன வெங்காயமும் பூண்டும் உரிக்கலாம், டிவி பார்த்துக்கொண்டே. பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கி மூடி வைக்கலாம். கத்திரிக்காயும் வாழைக்காயும் உருளைக்கிழங்கும் காற்றுப் பட்டால் கறுக்கும், காலையில்தான் நறுக்க வேண்டும். கீரையை ஆய்ந்து வைக்கலாம், கழுவக் கூடாது. துவரம்பருப்பை ராத்திரிச் சமையலோடேயே கூடுதலாக ஒரு கைப்பிடி வேகவைத்து ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்தால் மறுநாள் சாம்பார் கால் மணி நேர வேலை. பருப்பு வேகும் முன்பே புளித்தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், புளிப்புக்குள் பருப்பு நெத்து நெத்தாகவே நிற்கும். கொண்டைக்கடலை ஒரு கை ஊறப்போட்டால் காலையில் குக்கரில் ஒரு மூலையில் கிண்ணத்தில் வெந்து, ஸ்நாக்ஸ் டப்பாவுக்குச் சுண்டல் ஆகிவிடும். அதுவும் முடியாத நாளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கடலைமிட்டாயும். பாக்கெட்டில் அடைத்த சிப்ஸைவிட எவ்வளவோ மேல்.

முட்டை பற்றியும் ஒரு வார்த்தை. அரசு சத்துணவில் முட்டை உண்டு. சில தனியார் பள்ளிகளிலோ டப்பாவில் முட்டை வந்தால் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு ராத்திரியிலோ காலையிலோ வீட்டிலேயே அவித்த முட்டை கொடுத்துவிடலாம். ஆனாலும் அந்த விதி எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

இவ்வளவையும் யார் செய்வது? மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88. அதுவும் அந்த வேலையில் கைவைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். 2019 கணக்கெடுப்பில் இது 299க்கு 97. பெண்களின் பாரம் பத்து நிமிடம் குறைந்த அதே காலத்தில் ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

'நான் என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்' என்கிற அப்பாக்கள் நல்லவர்கள்தான். ஆனால் சொல்வதே ஒரு வேலை. அதைவிட ஒரு துண்டை முழுசாக எடுத்துக்கொள்வது மேல். ஸ்நாக்ஸ் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அப்பா பொறுப்பு என்றால், கடலை ஊறப்போட ஞாபகம் வைத்துக்கொள்வதும் வாழைப்பழம் தீர்ந்தால் வாங்குவதும் அவர் பொறுப்பு. நடுவில் யாரும் நினைவூட்டக் கூடாது. மறந்தால் அன்றைக்கு அவரே கடைக்கு ஓடட்டும். வாரத்தில் இரண்டு காலை சோறும் அவருடையது என்றால் இன்னும் விசேஷம். மூன்று விசில் எண்ணத் தெரிந்த யாருக்கும் அரிசிம்பருப்பு வரும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பூண்டு உரிக்க வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தன் டப்பாவைத் தானே திறந்து, மிச்சத்தைக் காட்டிவிட்டுக் கழுவியும் வைக்கலாம். அந்த மிச்சத்தைப் பார்த்துத் திட்டாமல் இருந்தால் நிறையத் தகவல் கிடைக்கும். 'கட்டியா இருந்துச்சும்மா', 'மூடி தொறக்க வரல', 'பக்கத்துல இருக்கறவன் டப்பாவுல நூடுல்ஸ்'. முதலாவதுக்கு மறுநாள் ஒரு கரண்டி வெந்நீர். இரண்டாவதுக்கு வேறு டப்பா. மூன்றாவதுக்கு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் வெள்ளிக்கிழமைக்கு நேரே பிள்ளையே எழுதட்டும். ஒரு கிழமை அவர்களுடையதாக இருந்தால் மற்ற நாலு கிழமையில் பேரம் குறைகிறது.