கீழவைப்பாரில் மைனஸ் 40 டிகிரி

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடம் கீழவைப்பார். தூத்துக்குடிக்கு வடக்கே, கடலும் உப்பளங்களும் அடுத்தடுத்துக் கிடக்கும் கரை. மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அரிதாகவே இறங்கும். ஆனால் இந்தக் கரையில் ஓடும் கார் ஒன்றில் ஸ்கேனரைச் செருகினால், என்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட்டின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டக்கூடும். கூடவே பி0118 என்ற பிழைக் குறியீடும் வரும். "சென்சார் போயிருச்சு, மாத்திரலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் குறியீடு சென்சார் கெட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. சென்சார், வயர், இரண்டையும் இணைக்கும் கப்ளர், என்ஜின் கணினி எல்லாம் சேர்ந்த மின்சுற்றில் எங்கோ கோளாறு, மின்னழுத்தம் அளவுக்கு மேல் நிற்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

கூலன்ட் சென்சாருக்குள் இருப்பது கடுகளவு குறைகடத்தி. சூடேறினால் உலோகங்களில் மின்தடை கூடும்; இதில் குறையும். வெள்ளி சல்பைடில் இந்த விந்தையை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கண்டார். கார்களில் பரவலாக உள்ள ஒரு வகைச் சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம். 60 டிகிரியில் 600. 80 டிகிரியில் 320. 100 டிகிரியில் 190 ஓம்தான். என்ஜின் கணினி தன்னுள் இருக்கும் ஒரு நிலையான மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரின் முனையில் எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது என்று பார்க்கிறது. அதைத்தான் வெப்பநிலையாக மாற்றிக்கொள்கிறது. வயர் அறுந்துபோனால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். மிகப் பெரிய மின்தடை என்றால் மிகக் கடுமையான குளிர் என்பதுதான் கணினி அறிந்த கணக்கு. அதன் அளவுகோலின் அடிமட்டம் மைனஸ் 40.

கடற்கரையில் வயர் ஏன் கெடுகிறது? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் இது வாடிக்கை. கப்ளரின் ரப்பர் சீல் பழசாகித் தளர்ந்திருந்தால், உள்ளே படிந்த உப்புத்துகள் ராத்திரியில் உப்புநீராகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பின்கள், நடுவே உப்புநீர், சாவி போட்டதும் சில வோல்ட் மின்சாரம். மின்பகுப்புக்கு வேறென்ன வேண்டும்? நேர்முனைச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சைக் களிம்பாகிறது. மெல்லிய செப்பிழைகளின் இடுக்கு வழியே உப்புநீர் பிளாஸ்டிக் உறைக்குள் ஏறியும் போகும். வெளியே பார்த்தால் வயர் புத்தம் புதிதாகத் தெரியும். உறையை உரித்தால் உள்ளே செம்பு கறுத்து, தொட்டால் உதிரும்.

வயர் முழுதாக அறுந்தால் டாஷ்போர்டில் என்ஜின் விளக்காவது எரிந்து எச்சரிக்கும். அரைகுறைக் களிம்புதான் ஆபத்து. அது 270 ஓம் மின்தடையைக் கூட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 2,500 ஓம் 2,770 ஆகும்; கணினி இரண்டு மூன்று டிகிரிதான் குறைத்துப் படிக்கும். 80 டிகிரியில் 320 ஓம் 590 ஆகிவிடும். கணினிக்கு அது 60 டிகிரி. 100 டிகிரியில் கொதிக்கும் என்ஜினை 70 டிகிரி என்றே நம்பும். ஒரே களிம்பு, காலையில் சின்னப் பொய், சூடானதும் பெரிய பொய். என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணி, கணினி பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் விழும், பிளக்கில் கரி பிடிக்கும். ரேடியேட்டர் ஃபேனைக் கணினியே இயக்கும் கார்களில் ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது. கத்திரி வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெட் கேஸ்கெட் போய் நிற்க இது போதும்.

உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிது. இராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தையும், என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓடவிடாமல், சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். மைனஸ் 40 வர வேண்டும். பிறகு கப்ளரின் இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணையுங்கள். 130 டிகிரிக்கு மேல் பாய வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கணினியும் சரி, சந்தேகத்துக்குரியது சென்சார். இணைத்த பிறகும் 85 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றால், அந்த 270 ஓம் வயரில் உட்கார்ந்திருக்கிறது. மைனஸ் 40-ஐ விட்டு அசையவே இல்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. இந்தச் சோதனை இரண்டு வயர் உள்ள வெப்பச் சென்சாருக்கு மட்டுமே. மற்றவற்றில் முனைகளை இணைத்தால் கணினிக்கே கேடு வரலாம். சில கார்களில் கோளாறு தெரிந்ததும் கணினி தானாகவே ஒரு மாற்று எண்ணைக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோளாறு விட்டுவிட்டு வந்தால், ஸ்கேனரில் கண்ணை வைத்துக்கொண்டு வயரிங்கை நீளவாக்கில் மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் துள்ளும் இடத்தில் குறை இருக்கிறது. வயரின் உறையில் ஊசி குத்திச் சோதிக்கும் பழக்கம் மட்டும் இந்தக் கரையில் வேண்டவே வேண்டாம். அந்தத் துளை உப்புக்காற்றுக்கு வாசல். அடுத்த மழைக்காலத்துக்குள் புதுக் களிம்பு தயார். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி அளக்கலாம். கெட்ட வயரை, நல்ல செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறிந்து, புது வயரை இணைத்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும். மேலாக டேப் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்சாரை மாற்றச் சொன்னால், "கப்ளரைக் கழற்றிப் பார்த்தீங்களா, இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்தீங்களா, அப்போ என்ன எண் வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.