பாட்டு இறைவனிடம் சேர்க்குமா, திசைதிருப்புமா?

திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. மணமக்கள் ஆலயப் பாடகர் குழுவிடம் ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். மணமகள் உள்ளே நடந்து வரும்போது ஒரு திரைப்படக் காதல் பாடல் ஒலிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. "இது விருந்துக்குப் பொருந்தும், திருப்பலிக்கு வேண்டாம்" என்கிறார் குழுத் தலைவர். "அந்தப் பாட்டில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லையே!" என்று மணமக்கள் மனம் வருந்துகிறார்கள்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இத்தகைய உரையாடல் புதிதல்ல. மணமக்களின் கேள்வியும் நியாயமானதே. வார்த்தையில் குற்றம் இல்லாத பாட்டு ஆலயத்துக்கு ஏன் ஆகாது? ஆலயத்துக்கு வெளியே கேட்கும் பாட்டுக்கும் ஒருவரின் ஆன்மிக வாழ்வுக்கும் தொடர்பு உண்டா?

அகுஸ்தினாரின் தடுமாற்றம்

இந்தக் கேள்வி பதினாறு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. 387ஆம் ஆண்டு மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்ற புனித அகுஸ்தினார், அந்நகர ஆயர் புனித அம்புரோசின் ஆலயத்தில் மக்கள் பாடியதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர். பத்தாண்டுகளுக்குப் பின் தம் வாழ்க்கையை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலில், அந்தக் கண்ணீரையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார். தம்மை உருக்கியது பாட்டின் பொருளா, வெறும் ராகமா? பொருளைவிடக் குரலின் இனிமையே தம்மை அதிகம் அசைத்தபோது தாம் தவறு செய்ததாக அவர் ஒப்புக்கொள்கிறார்.

இசையையே ஆலயத்திலிருந்து நீக்கிவிடலாமா என்றும் அவர் எண்ணினார். ஆனால், பலவீனமான உள்ளமும் செவியின் இன்பத்தால் பக்திக்கு உயரக்கூடும் என்பதால், ஆலயத்தில் பாடும் வழக்கம் நல்லதே என்ற பக்கம் சாய்ந்தார். இசையை வெறுக்க வேண்டாம், அதற்கு அடிமையாகவும் வேண்டாம் என்பதே அவர் காட்டும் வழி.

திருச்சபையின் நெறிமுறைகள்

ஆலய இசைக்குத் திருச்சபை தெளிவான நெறிகளை வகுத்துள்ளது. இசைக்குப் பாதுகாவலரான புனித செசிலியாவின் திருநாளான நவம்பர் 22ஆம் தேதி, 1903ஆம் ஆண்டில், போப் பத்தாம் பயஸ் ஓர் ஆணை வெளியிட்டார். நாடக மேடைப் பாணி இசை ஆலயத்துக்குள் புகுந்ததை அவர் கண்டித்தார். பியானோவுக்கும் முரசு போன்ற கருவிகளுக்கும் தடை விதித்தார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4ஆம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. கிரகோரியன் இசைக்கு முதலிடம் தொடர்ந்தது. அதே சமயம், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும், வழிபாட்டுக்கு ஏற்றவையாக இருந்தால் மற்ற இசைக்கருவிகளையும் அனுமதிக்கலாம் என்றும் அது கூறியது. தமிழ்த் திருப்பலியில் ஆர்மோனியமும் தபேலாவும் ஒலிப்பதற்கு இடம் தந்தது இந்த மாற்றமே.

தமிழ்க் கத்தோலிக்கருக்குச் சொந்த இசைச் செல்வத்துக்குக் குறைவில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் மற்ற சமயத்தாரும் பாடக்கூடியவை. 1888ஆம் ஆண்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காகச் சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் எழுந்த லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களில், தாய்மொழியில் பாடி வேண்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

இப்போது மணமக்களின் கேள்விக்கு வருவோம். பாட்டு தனியாக வருவதில்லை. தான் பிறந்த இடத்தின் நினைவையும் சேர்த்தே கொண்டுவருகிறது. திரைப்பாடலின் மெட்டு ஒலித்ததும் நடிகரும் காட்சியும் மனக்கண் முன் வந்து நிற்கிறார்கள். பீடத்தை நோக்க வேண்டிய மனம் திரையரங்குக்குப் போய்விடுகிறது. திரைப்பட மெட்டில் பக்திச் சொற்களைப் பொருத்திப் பாடும்போதும் இதே சிக்கல்தான். ஆகவே பாட்டு நல்லதா கெட்டதா என்பதைவிட, அது இந்த இடத்துக்கும் இந்தச் செயலுக்கும் உரியதா என்பதே கேள்வி.

காதில் நுழைவது எங்கே தங்குகிறது?

ஆலயத்துக்கு வெளியே என்ன கேட்கலாம் என்பதற்குத் திருச்சபை பாட்டுப் பட்டியல் எதுவும் தருவதில்லை. அது அவரவர் மனச்சான்றின் பொறுப்பு. வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசுவே கூறியிருக்கிறாரே என்று இளையர்கள் சிலர் கேட்கலாம். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் அது உணவைப் பற்றிய பேச்சு. உணவு வயிற்றுக்குப் போகிறது, இதயத்துக்குப் போவதில்லை என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். பாட்டோ இதயத்துக்குத்தான் போகிறது. இதயத்தில் நிறைந்திருப்பதையே வாய் பேசும் என்கிறது லூக்கா நற்செய்தி.

ஒரே பாட்டை நாள்தோறும் கேட்பவருக்கு, குளிக்கும்போதும் ரயிலில் நிற்கும்போதும் அது தானாகவே மனத்தில் ஓடும். பெண்ணை இழிவுபடுத்தும் வரிகள், பழிவாங்கலைப் போற்றும் வரிகள், குடியைக் கொண்டாடும் வரிகள் அப்படி ஓடிக்கொண்டிருந்தால், முதலில் கூச்சம் குறைகிறது. பிறகு அது வேடிக்கையாகிறது. சோகப் பாட்டுகளையே மாதக்கணக்கில் கேட்டு, மன்னிக்க வேண்டிய காயத்தைக் கிளறிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. அந்தப் பாட்டில் கெட்ட சொல் எதுவும் இருக்காது. இருந்தும், மன்னிப்பதற்கு அது தடையாகலாம்.

இன்னொரு பக்கம், தாவீது யாழ் மீட்டியபோது மன்னர் சவுலின் கலக்கம் தணிந்ததாக விவிலியம் கூறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் ரோம் நகரப் புனித பிலிப் நேரி, இளையர்களைப் பாட்டின் வழியாகவே செபத்துக்கு அழைத்தார். 1997ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோனா நகரில் போப் இரண்டாம் ஜான் பால் முன்னிலையில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பாடினார். அந்த ஏற்பாடு சரிதானா என்று கர்தினால் ராட்சிங்கருக்கு ஐயம் இருந்தது. போப்போ டிலனின் பாட்டு ஒன்றையே எடுத்துக்கொண்டு இளையர்களிடம் இறைவனைப் பற்றிப் பேசினார். பின்னாளில் அந்தக் கர்தினாலே போப் பதினாறாம் பெனடிக்ட் ஆனார். ஒரே நம்பிக்கையில் வாழ்ந்த இருவரும் இதில் வேறு வேறாக நினைத்தார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளையின் காதிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்குவதால் பயன் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கேட்பான், அவ்வளவுதான். அவனோடு உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டு, "இதில் உனக்கு என்ன பிடிக்கிறது?" என்று கேட்கும் பெற்றோருக்கு அவன் மனம் திறக்கும்.

பெரியவர்களும் தங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இந்தப் பாட்டைப் பிள்ளைகள் முன் வாய்விட்டுப் பாட முடியுமா? கேட்டு முடித்தபின் மனம் அமைதி அடைகிறதா, எரிச்சல் அடைகிறதா? இது இல்லாமல் ஒரு நாள் இருக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்குத் தவக்காலம் உதவும். அந்நாள்களில் திருச்சபையே தன் இசையைக் குறைத்துக்கொள்கிறது. வானவர் கீதமும் அல்லேலூயாவும் நிறுத்தப்படுகின்றன. பொதுவாக, பாடலுக்குத் துணையாக மட்டுமே கருவிகள் ஒலிக்கின்றன. இறைச்சியைத் தவிர்ப்பதுபோல, வேலைக்குப் போகும் காரில் வானொலியை நிறுத்திப் பார்க்கலாம். முதல் சில நாள்கள் அமைதி பாரமாக இருக்கும். அடக்கி வைத்த கவலையும் கோபமும் எழுந்து வரும். செபத்தில் இறைவனிடம் சொல்ல வேண்டியவை அவைதாம்.

ஈஸ்டர் இரவில் அல்லேலூயா மீண்டும் ஒலிக்கும்போது, நாற்பது நாள் காத்திருந்த காதுக்கு அதன் இனிமை தனியாகத் தெரியும்.