அறுவடை இயந்திரமும் ஈரத் தாளும்

வேலணையிலும் புங்குடுதீவிலும் காலபோக நெல் வானத்தை நம்பி விளைவது. தை, மாசியில் அரிவு வெட்டும் நாளிலே விடியற்பனியோ ஒரு சிறு மழையோ தாளை நனைத்துவிட்டால், பழைய அறுவடை இயந்திரம் அடைபட்டுத் திணறுகிறது. இயந்திரம் கிழமாகிவிட்டது என்று பலர் கைவிடுகின்றனர். அவ்வளவு அவசரம் வேண்டியதில்லை.

1975இல் அமெரிக்காவில் நியூ ஹாலண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த சுழலுருளை முறையில், பயிர் உருளையின் நீளவாக்கில் திருகுபோலச் சுற்றிச் செல்லும். கீழ்ச் சல்லடையில் உரசி நெல் உதிரும். வைக்கோல் மறுமுனையால் வெளியேறும். பயிரை முன்னோக்கி நடத்துவன மேல்மூடியின் உட்புறத்துச் சாய்ந்த தகடுகளே. அவற்றின் சாய்வு போதாவிடின் பயிர் நெடுநேரம் சுழன்று, ஈரத் தாள் கயிறாக முறுக்கிக்கொள்ளும்.

முதலில் பயிரை உள்ளிழுக்கும் சங்கிலியின் தளர்வைச் சரிசெய்க. பயிர் கட்டிகட்டியாக உள்ளே வந்தால் எத்தகடும் உதவாது. பின்பு இயந்திரத்தை நிறுத்தி, திறப்பையும் எடுத்துவிட்டு, தகடுகளை வெளிவாய்ப் பக்கம் சற்றே சாய்த்துப் பூட்டுக. தகடுகள் அசையாதவையாயின், தேர்ந்த பட்டறையில் புதுத் துளையிட்டுச் சாய்வை மாற்றலாம். மிகையாகச் சாய்த்தால் நெல்லும் வைக்கோலோடு போய்விடும். ஆகவே சிறிது தூரம் ஓட்டி, பின்னால் விழும் வைக்கோலை உதறிப் பாருங்கள். தேய்ந்த பற்களை எதிரெதிர்ச் சோடியாகவே மாற்றுக. இல்லையேல் உருளை அதிரும்.

இன்னொரு பயனுமுண்டு. விரைவில் வெளியேறும் வைக்கோல் குறைவாகவே நொறுங்கும். புல் கருகும் கோடையில் தீவக மாடுகளுக்கு அதுவன்றோ தீனி!