சிறுநீரகத்தோடு கூடவே வரும் மரபணு

உடலுக்குள் புகும் கிருமியை முதலில் இனம் காண்பவை உள்ளார்ந்த நோயெதிர்ப்பு ஏற்பிகள். முன்பின் பார்த்திராத கிருமியையும் இவை அதன் பொது அடையாளத்தை வைத்தே கண்டுகொள்ளும். இவற்றில் பேர்பெற்றது ‘டோல்’ குடும்பம். மனிதரிடம் 10 வகை உண்டு. பெயர் பழ ஈயிலிருந்து வந்தது. டோல் மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் மடிவதை 1996-ல் ழூல் ஹாஃப்மன் குழு காட்டியது. பாக்டீரியாவின் புறவுறையில் உள்ள நச்சை உணர்வது டோல் குடும்பத்தின் டி.எல்.ஆர்-4 என்பதை 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு எலிகளில் நிறுவியது. இருவரும் 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

டி.எல்.ஆர்-4 கிருமிக்கு மட்டும் விழிப்பதில்லை. அடிபட்ட சொந்தச் செல்லைக் கண்டும் விழிக்கும். மாற்றுச் சிறுநீரகத்தில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். மூளைச்சாவு அடைந்தவரிடம் எடுத்த சிறுநீரகம் ரத்த ஓட்டமின்றிப் பல மணி நேரம் பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கிறது. நோயாளியின் அடிவயிற்று ரத்தக் குழாய்களோடு அதைத் தைத்து இடுக்கியைத் தளர்த்தியதும், வெளிறிக் கிடந்த உறுப்பு நொடிகளில் சிவக்கும். சில வேளை மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கும். அறுவை அரங்கமே மகிழும் அந்தக் கணத்தில்தான், நலிந்த செல்கள் கசியவிடும் புரதங்கள் டி.எல்.ஆர்-4-ஐத் தட்டி எழுப்புகின்றன. மூளும் அழற்சி மிகுந்தால் புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தாமதமாகும். சில நாள் டயாலிசிஸ் தொடரும்.

இந்த ஏற்பி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு அதன் அமினோ அமிலச் சங்கிலியில் 299-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் கிளைசின் அமர்ந்திருக்கும். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. ஏற்பி சற்று மந்தமாகிவிடும். 2005-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், டி.எல்.ஆர்-4 மாறுபாடு கொண்ட நோயாளிகளுக்கு உறுப்பு நிராகரிப்பு குறைவாகவும் கடும் பாக்டீரியாத் தொற்று கூடுதலாகவும் இருந்தன. வரமும் சாபமும் ஒரே எழுத்தில். 2009-ல் வந்த அமெரிக்க ஆய்வு பார்வையைக் கொடையாளர் பக்கம் திருப்பியது: மந்தமான டி.எல்.ஆர்-4 உள்ளவர் தந்த சிறுநீரகங்கள் உடனே வேலை செய்யத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். உறுப்பு எத்தனை ஆண்டு பிறர் உடலில் இருந்தாலும் அதன் செல்களில் கொடையாளரின் மரபணுவே நீடிக்கும். பெறுபவரை மட்டும் சோதிப்பது பாதிக் கணக்குதான்.

இந்த முடிவுகளை ஓசூருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஐரோப்பியரிடம் 299 மாறுபாடு பெரும்பாலும் 399-ஆம் இட மாறுபாட்டோடு சேர்ந்தே வரும். ஆப்பிரிக்கரிடம் பெரும்பாலும் தனித்து வரும். கிழக்காசியரிடம் கிட்டத்தட்ட இல்லை. ஓசூர் அடங்கிய, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் வேறு. ஒரே மாறுபாடு தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

ஓசூர்க்காரர் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவுக்குப் போனாலும், 300 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குப் போனாலும், 1971 முதல் சிறுநீரக மாற்று நடக்கும் வேலூர் சி.எம்.சி.க்குப் போனாலும் பார்க்கப்படுவது ரத்த வகை, எச்.எல்.ஏ. எனும் திசுப் பொருத்தம், குறுக்குப் பொருத்தச் சோதனை ஆகியவையே. டோல் மரபணுச் சோதனை வழக்கமான பட்டியலில் இல்லை. பின்வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் இது சரியான முடிவே. யாரேனும் அதற்குக் கட்டணம் கேட்டால், முடிவு வந்து எந்த மருந்து மாறும் என்று கேட்டுவிடுவது நல்லது.

ஏற்பி எப்படி இருந்தாலும், நிராகரிப்பைத் தடுக்க டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் எடுப்பவருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் லேசாகவே தெரியக்கூடும். சிறுநீரகம் மாற்றிய முதல் ஆறு மாதம் அபாயம் அதிகம். சிலர் ஷிஃப்டைத் தவறவிட முடியாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதுண்டு. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றி, மாற்றிய சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.