தன்னைத் தாக்கும் உடலும் அதன் கணிதமும்

சாம்பல்தீவுக்குத் தெற்கே உப்புவெளி. வடக்கே நிலாவெளியின் உப்பளம். கடல் தரும் உப்பில் அயடீனைக் கலந்தே விற்றல் வேண்டும் என்னும் விதி இலங்கையில் 1990களில் நடைமுறைக்கு வந்தது. கண்டக்கழலையைத் தடுக்கும் நன்முயற்சி இது. ஆயினும், 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம் நாட்டுப் பாடசாலைச் சிறுமியர் பலரின் குருதியில் தைரொயிட்டுச் சுரப்பிக்கு மாறான பிறபொருளெதிரிகளைக் கண்டு, அயடீன் இதற்குக் காரணமாகுமோ என வினவியது. உப்பை விலக்குக என்பது இதன் கருத்தன்று. அயடீன் இன்றேல் வரும் கேடு பெரிது. எதிரி இருப்பின் நோயும் உண்டோ என்பதே நாம் ஆராய வேண்டுவது.

பிறபொருளை எதிர்ப்பது பிறபொருளெதிரி. அது தன் பொருளையே எதிர்க்குமாயின் பெயரே பொய்த்துவிடுகின்றது. யப்பானிய மருத்துவர் அசிமோட்டோ 1912இல் விவரித்த தைரொயிட்டு நோய் இத்தகையது என்பது 1956இல் இலண்டனில் தெளிவாயிற்று. பிறபொருளெதிரிகள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் வலைபோல் இயங்குகின்றன என 1974இல் நீல்சு யேர்ன் உரைத்தார். வலையென்றதும் கணிதத்துக்கு வாயில் திறந்தது.

தைரொயிட்டுக்கு மேலதிகாரி கபச்சுரப்பி. கந்தளாய்க் குளத்து மதகைக் காப்போன் வயலில் நீர் குறையின் திறந்தும் மிகின் அடைத்தும் விடுவதுபோல, குருதியில் தைரொயிட்டு ஓமோன் குறையின் கபச்சுரப்பி தன் தூண்டும் ஓமோனைப் பெருக்கும், மிகின் சுருக்கும். பாலமுருகன் பாண்டியன், மெரில், பென்வெங்கா ஆகியோர் 2014இல் இந்நோய்க்கு நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளை அமைத்தனர். தூண்டும் ஓமோன், தைரொயிட்டு ஓமோன், சுரப்பியின் தொழிற்படும் அளவு, பிறபொருளெதிரி என்பனவே அவற்றின் நான்கு கணியங்கள்.

அவற்றுள் இறுதிச் சமன்பாட்டை மாத்திரம் எளிய எண்களால் நோக்குவோம். எண்கள் விளக்கத்தின் பொருட்டு நாமே கொண்டவை. நாளொன்றுக்கு நூறு எதிரிகளுள் பத்து அழிவதாகவும், சுரப்பி அளவின் பாதி எண்ணிக்கையில் புதியன பிறப்பதாகவும் கொள்க. அளவு 24 எனின் பன்னிரண்டு பிறக்கும், பத்து அழியும். எஞ்சும் இரண்டு கூட்டுவட்டிபோற் பெருகி, முப்பத்தைந்து நாளில் எதிரிகளை இருமடங்காக்கும். அவை தாக்கச் சுரப்பி சிறுக்கும். அளவு 20 ஆனதும் பிறப்பும் அழிவும் சமனாம். அதனினும் குறையின் எதிரிகள் தேயும். கபச்சுரப்பியின் தூண்டலால் சுரப்பி மீண்டும் வளரலாம். ஆகவே 20 என்பதே எல்லை.

வேறொருவரிடம் பிறப்பு நான்மடங்கு விரைவாயின் எல்லை 5 ஆகும். முன்னையவர் எதிரிகளைச் சுமந்தும் நலமாய் வாழ்வர். பின்னையவரின் சுரப்பியோ 5 ஆகும்வரை எதிரிகள் ஓயா. இருவர் குருதியிலும் எதிரி உண்டு; விளைவோ வேறு. எனவே எதிரி உளது என்ற ஒரு முடிவைக் கொண்டு அஞ்சுதலும் தகாது, அயர்தலும் தகாது. காலம் விட்டுக் காலம் குருதியை அளந்து, கணியங்கள் செல்லும் திசையை அறிதலே முறை. தைரொயிட்டு ஓமோன் குறையுமுன்னரே தூண்டும் ஓமோன் உயர்ந்து முன்னறிவிக்கும்.

சில ஆண்டுகளின் முன் என் வகுப்பில் ஒரு மாணவி எந்நேரமும் சோர்ந்திருந்தாள். மடிமை என எண்ணிப் பலமுறை கடிந்தேன். பின்னர் மருத்துவர் அவளிடம் இந்நோயைக் கண்டு நாள்தோறும் உட்கொள்ள ஒரு மாத்திரை தந்தார்; சில மாதங்களில் அவள் முன்வரிசைக்கு வந்தாள். கணிதம் கற்பிக்கும் நான் ஒரேயொரு கணியத்தைக் கண்டு விடை கூறினேன். சமன்பாடு நமக்குக் கற்பிப்பது, புலனாகாத கணியங்களும் உள என்பதையே. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இப்பாடம் பயன்படுமாக.