தவிட்டில் என்ன இருக்கிறது?

பாலக்காட்டைக் கேரளத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசும் உழவர்கள் பலர் உண்டு. அங்கே ஆலையில் 100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி வரும். தவிடு 8 கிலோ போல் வரும். அரிசி வீட்டுக்கு. தவிடு மாட்டுக்கு.

உமி வேறு, தவிடு வேறு. உமி நெல்லின் மேல்தோல். அது அடுப்பெரிக்க உதவும். தவிடு அரிசியை ஒட்டியிருக்கும் மெல்லிய தோல். அரிசியை வெள்ளையாகத் தீட்டத் தீட்ட அது போய்விடும். அதோடு சத்தும் போகும்.

இதை உலகுக்குக் காட்டியவை கோழிகள்!

1890-களில் ஜாவாத் தீவை டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். அங்கே பெரிபெரி என்ற நோய் பரவியது. கால் மரத்துப் போகும். நடை தள்ளாடும். சிலருக்கு இதயம் கெட்டு உயிர் போகும். கிருமிதான் காரணம் என்று எய்க்மன் என்ற மருத்துவர் தேடினார். அவர் வளர்த்த கோழிகளுக்கும் கால் துவண்டது. பிறகு திடீரென்று குணமானது. எப்படி?

கோழிகளுக்கு மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், "படைவீரர் சோறு கோழிக்கா?" என்று மறுத்துவிட்டார். அதனால் தவிடு போகாத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. அந்தச் சமையல்காரரின் கறாரால் ஊருக்கே நன்மை!

1926-இல் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தார்கள். அதுதான் பி1 வைட்டமின். 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீலகிரிக் குன்னூரிலும் 1918-இல் ஒரே அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கியது. தொடங்கியவர் மெக்காரிசன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆந்திரக் கடலோரத்தில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களுக்கு இந்த நோய் வந்தது. புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது.

இப்போது தவிட்டுச் சத்தைப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்கள். விலையோ அதிகம். இது உண்மையா?

தவிட்டு நாரில் அராபினோசைலான் என்ற பொருள் உண்டு. ஜப்பானில் அதைப் பக்குவப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் சில, நோயுற்ற அணுக்களை அழிக்கும். அவற்றை இப்பொருள் தூண்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். இதை நம்பிக் காசநோய் மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.

அப்படியானால் ஆலைத் தவிட்டை அள்ளித் தின்னலாமா? கூடாது. அதில் உமித்தூளும் மண்ணும் கலந்திருக்கும். தவிட்டில் எண்ணெயும் உண்டு. அரைத்த சில மணி நேரத்திலேயே அது கெடத் தொடங்கும். பிறகு சிக்கு வாடை அடிக்கும்.

அதற்குப் பாலக்காட்டு மட்டா அரிசி இருக்கிறது. அது புழுங்கலரிசி. சிவப்புத் தவிடும் ஓரளவு ஒட்டியிருக்கும். மூணாறு, மறையூர் தோட்டத் தொழிலாளர்கள் அரிசியைக் கடையில்தான் வாங்குகிறார்கள். அவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம். பல தண்ணீர் விட்டுக் கழுவினால் பி1 கரைந்து போகும். ஒன்றிரண்டு முறை கழுவினால் போதும். சோறு வடிக்கும்போதும் சத்து கஞ்சியில் இறங்கும். அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுச் சூடாகக் குடிக்கலாம்.